இரண்டு ஊரில் சாப்பிடுகிறவன்

திருவல்லிக்கேணி, சென்னை
10-3-1946

அன்புள்ள ஞானதீபம்,

கருவாட்டுப் பொட்டலம் வந்தது. மெஸ் ஐயர் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார். தபால்காரரிடமே கொடுத்துவிட்டேன். இனி அனுப்பாதே.

ஒன்று சொல்ல வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை.

காலேஜுக்குப் போகும் வழியில் ஒரு ரேஷன் கடை. நேற்று அங்கே ஒரு பெண் தரையில் குந்தி, சிந்தின அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மண்ணோடு. வரிசை அவளை விரட்டவும் இல்லை, இடம் விடவும் இல்லை. அவள் விரல் வரும்போது காலைத் தூக்கி வைத்தார்கள். கடந்து போகிற நானும் தூக்கி வைத்தேன்.

வகுப்பில் பையன்களிடம் கள்ளச்சந்தையைப் பற்றிப் பேசினேன். பாதியில் நின்றுவிட்டது பேச்சு.

நான் இரண்டு ஊரில் சாப்பிடுகிறவன். இங்கே என் கார்டு மெஸ்ஸில் இருக்கிறது. அங்கே வீட்டுக் கார்டிலும் என் பெயர் இருக்கிறது. போன ஜூலையில் வேலைக்குக் கிளம்பியபோது எடுக்கச் சொல்ல மறந்தேன். மறந்தேன் என்பது சரியா? தெரியவில்லை. வாராவாரம் ஊரில் இல்லாத ஒருவனுக்கு அரிசி அளக்கிறார்கள். யாரோ ஒருவர் தட்டில் அந்த அரிசி இல்லை.

ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டேன். அது என் விஷயம். உன்னைக் கேட்பது ஒன்றுதான். இந்த வாரமே கடைக்குப் போய் என் பெயரை அடிக்கச் சொல்.

பியூலா குப்புற விழுகிறாளா? எழுது.

கிருபாநிதி

*

மில்லர்புரம், தூத்துக்குடி
14-3-1946

அன்புள்ள அத்தானுக்கு, ஞானதீபம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கு அத்தையும் பிள்ளையும் நானும் சுகம். பியூலா குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, கோபத்தோடு எல்லோரையும் பார்க்கிறாள். யாரைப் போல என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கருவாடு திரேஸ்புரத்திலிருந்து சொல்லிவைத்து வாங்கினது. வெயிலில் உட்கார்ந்து காக்கா விரட்டிக் காயவைத்தேன். உங்கள் தபால்காரர் நன்றாக இருக்கட்டும்.

ஒரு வேளைச் சாப்பாட்டு விஷயத்தை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "ஏளா, அவனுக்கு வயித்துவலி கிதுவலி இருக்கான்னு கேட்டு எழுது" என்றார்கள். மனசாட்சி என்று சொன்னேன். "அது சின்ன வயசிலேயே உண்டு. பந்தியில உக்காந்து பக்கத்து இலைக்கு வைக்கலன்னு அழுவான். அழுதுக்கிட்டே தன் இலையக் காலி பண்ணிருவான்" என்றார்கள்.

கார்டு விஷயம். அது அப்படியே இருக்கட்டும். கோடை விடுமுறைக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம். காரணம் இருக்கிறது. கடிதத்தில் எழுதுகிற காரணம் இல்லை. நான் கேட்டு நீங்கள் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. இதை மட்டும் விடுங்கள்.

ஞானதீபம்

*

திருவல்லிக்கேணி
19-3-1946

ஞானதீபம்,

காரணம் இருக்கிறது என்கிறாய். எல்லோரிடமும் இருக்கிறது. மூட்டையைப் பதுக்குகிறவனிடம்கூட இருக்கும். பெண் கல்யாணமோ, தாயாரின் வியாதியோ. காரணம் இல்லாமல் ஒருவன் அடுத்தவன் சோற்றை எடுப்பதில்லை.

கோடை விடுமுறை வரை என்றால் இன்னும் எத்தனை சனிக்கிழமை? ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அங்கே போய் எடுத்ததாகத்தான் அர்த்தம்.

உன்மேல் கோபம் இல்லை. கோபம் இருக்கிறது. படித்தவள் நீ. நாசரேத் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். 'இருக்கட்டும்' என்ற சொல்லை உன் கையெழுத்தில் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

நானே எழுதிவிட்டேன். தூத்துக்குடி ரேஷன் ஆபீசுக்கு. நாலு பக்கம். இந்தத் தேதியிலிருந்து ஊரில் இல்லை, என் பெயரை நீக்குக என்று. உன் பெயரை இழுக்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது என்று எழுதினேன்.

நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன். பல நாளைக்குப் பிறகு.

கி.

*

மில்லர்புரம்
1-4-1946

அத்தானுக்கு,

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது. சனிக்கிழமை கடையில் வன்னியபெருமாள் அண்ணாச்சி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார்வாள் பேர அடிச்சாச்சும்மா. அவுகளே எழுதிக் கேட்டாகளாம். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசன்!" என்றார். வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வயதானவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். புகழ்ச்சியையும் குறைந்த பையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது காரணத்தைக் கேளுங்கள்.

ஜனவரியில் எனக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். காய்ச்சல் போனபோது பாலும் போனதை எழுதவில்லை. சொட்டு இல்லை. பூண்டு, வெந்தயக் கஞ்சி, சுறாப்புட்டு, அத்தை எல்லாம் செய்து போட்டார்கள். நான் எல்லாம் தின்றேன். பால் வரவில்லை. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டி, பிறகு சத்தமே இல்லாமல் வாயை மட்டும் திறந்தாள்.

எங்கள் பின்தெருவில் சீனித்தாய் என்று ஒருத்தி. கீழவைப்பார்க்காரி, உப்பளத்தில் வேலை செய்தவள். புருஷன் ரேஷன் கார்டை ஒரு கடையில் அடகு வைத்துவிட்டுக் கொழும்புக்குப் போனான். போனவன் போனவன்தான். அவளுக்குக் கைக்குழந்தை, ராசு. நம் பிள்ளைக்கு ஒரு மாதம் மூத்தவன். அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பிள்ளைய இங்கன தாங்கக்கா" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன்.

அன்றிலிருந்து உங்கள் மகள் அவளிடம்தான் குடிக்கிறாள். உங்கள் பெயருக்கு வரும் அரிசி அப்படியே அவளுக்குப் போகிறது. போயிற்று. ஜனவரிக்கு முன்னால் அதை நாங்களே சாப்பிட்டோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். அரிசி கொடுத்தேன், பால் வாங்கினேன். என்னை உயர்த்தி ஒரு கடிதம் எழுதினால் கிழித்துப்போடுவேன்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். "வெளிய தெரிய வேண்டாம்ளா, பால் இல்லாதவன்னு ஊரு பேசும்" என்று அத்தை சொன்னார்கள். அது பாதி. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசற்படியில் நின்று, "உலகத்தில் யாரிடமிருந்தும் எடுக்காத சாப்பாடு இது ஒன்றுதான்" என்றீர்கள். அழகாகச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு எப்படி எழுதுவேன்?

இந்த வாரம் எங்கள் பங்கிலிருந்து எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம் தெரியவில்லை.

நன்றாகத் தூங்கினேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் அத்தையிடம் வாசிக்கவில்லை.

ஞானதீபம்

*

திருவல்லிக்கேணி
4-4-1946

ஞானதீபம்,

எப்படித் தொடங்குவது?

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் என்னைப் பற்றியே எழுதியிருந்தேன்.

இருபது ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். பால்மாவு டப்பா தேடி அலைந்தேன். மவுண்ட் ரோடில் ஒரு கடைக்காரர் சிரித்தார். "யுத்தம் முடிஞ்சிடுச்சுன்னு யார் சார் சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கறுப்புக்கோடு போட்ட பெயரைத் திரும்ப எழுத முடியுமா? கேட்டுப் பார். நான் எழுதினால் மறுபடி நாலு பக்கம் ஆகிவிடும்.

இன்னொன்று. இதை உன்னிடம் கேட்கக்கூடாது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவள் மகன். ராசு. அவனுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது?

கி.

*

மில்லர்புரம்
11-4-1946

அத்தானுக்கு,

ராசுவுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தன் மகளைப் பற்றி ஒரு வரி இல்லை, அடுத்தவள் பிள்ளையை விசாரிக்கிறார் என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. ஜனவரியிலிருந்து அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதனால்தான் ஆத்திரம்.

ஏற்பாடு சீனித்தாயே செய்ததுதான். வலது பக்கம் ராசுவுக்கு, இடது பக்கம் பியூலாவுக்கு. வலதில்தான் பால் கூடுதல் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

போன சனிக்கிழமை அரிசியில் பாதியைக் குறைத்துக் கோதுமை போட்டார்கள். "இத என்ன செய்ய, கோழிக்கு எறியவா?" என்றார்கள் அத்தை. இடித்துக் கஞ்சி வைத்தோம். எல்லோருக்கும் வயிறு கெட்டது. சீனித்தாய்க்குக் கொடுக்க எதுவும் இல்லை. சோறு பொங்கும் ஒவ்வொரு வேளையும் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்துப் போடுகிறோமே, அந்தப் பிடியரிசி டப்பாவைத் திறந்தேன். அத்தை பார்த்துவிட்டார்கள். "ஏளா, அது கர்த்தருக்கு எடுத்தது" என்றார்கள். நான் டப்பாவை மூடவில்லை. "கர்த்தர் ஒண்ணும் சொல்லமாட்டாரு. ஞாயித்துக்கிழமை டப்பா கனம் கொறஞ்சா உபதேசியார் வீட்டம்மா சொல்லுவா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அள்ளினேன். ஒரு நாளைக்குக்கூடப் போதவில்லை.

செவ்வாய்க்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். சீனித்தாய் கை நீட்டவில்லை. "யக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. ரெண்டு பேருக்கு ஊறல. எம் பிள்ளைக்குத்தான் மொதல்ல" என்றாள். புத்தி கெட்டுப்போய், "எங்க வீட்டுக்காரரும் சென்னையில ஒரு வேளைதான் சாப்பிடுதாரு" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவுக பட்டினி கெடந்தா எனக்குப் பால் ஊறுமாக்கும்! நல்ல கதையா இருக்கே. மூணு வேளையும் திங்கச் சொல்லுங்க, அரிசிய மட்டும் குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. நான் அவளாக இருந்தால் இத்தனை மரியாதையாகக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆட்டுப்பாலில் தண்ணீர் விட்டுக் கொடுத்துப் பார்த்தோம். அன்று இரவே வயிறு குறுகுறுத்தது, புதன்கிழமை பேதி. கண் உள்ளே போய்விட்டது. குப்புற விழுவதில்லை. போட்ட இடத்தில் கிடக்கிறாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா நாடி பார்த்து, "மருந்து தாரேன், ஆனா தாய்ப்பால் கெடச்சா அதுதான் மருந்து" என்றார்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை உங்களுக்கு அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன்.

இருபது ரூபாய் வந்தது. அதைக் கொண்டுபோய் அடகு வைத்த கார்டை மீட்கலாம் என்று சீனித்தாயுடன் போனேன். அந்தக் கடைக்காரன், "எந்தக் கார்டு?" என்றான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கறுப்புச் சந்தையில் அரிசி கிடைக்கிறது. வாங்கினால் உங்கள் பணம் ஒரு வாரத்தில் தீரும், உங்கள் கொள்கை அன்றைக்கே தீரும். என்ன செய்யட்டும்?

ஆபீசில் விசாரித்தேன். இன்ஸ்பெக்டர் ராஜதுரை என்பவர் சொன்னார். சென்னைக் கார்டை ஒப்படைத்த சீட்டு வேண்டுமாம். 'இனி தூத்துக்குடியில்தான் குடியிருப்பேன்' என்று உங்கள் கையெழுத்தும் வேண்டுமாம். இரண்டும் இருந்தால் பெயர் ஏறும்.

அப்படிச் செய்யுங்கள் என்று நான் எழுதவில்லை. என்ன கேட்டார்கள் என்பதை எழுதினேன்.

ஞானதீபம்

*

திருவல்லிக்கேணி
15-4-1946

ஞானதீபம்,

கார்டை ஒப்படைத்தேன். சீட்டும் கையெழுத்தும் இதனுடன்.

குமாஸ்தா தலை தூக்காமல் கேட்டார். "நிரந்தரமாப் போறீங்களா?"

"ஆமாம். வேலையை விட்டுவிட்டேன்."

வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். ஒரு பொய் சொல்லப் போனவன் இரண்டோடு வெளியே வந்தேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உண்மையாகவே வேலையை விட்டு வந்துவிடலாமா என்று யோசித்தேன். வந்தால் கையெழுத்து மெய்யாகும். ஆனால் வந்தால் நான் சாப்பிடுவேன். சீனித்தாய்க்கு ஒன்றும் இருக்காது. சம்பளமும் இருக்காது. யோக்கியனாக வந்து உட்கார்ந்து என் மகளுடைய பங்கைத் தின்பேன். வேண்டாம்.

மெஸ் ஐயர், "கார்டு இல்லேன்னா இலை இல்லே சார், என்னை உள்ளே தள்ளிடுவா" என்றார். சரிதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கிறது. கடலை இருக்கிறது. வாழைப்பழம். காலையில் ஐயர் யாருக்கும் தெரியாமல் மோர் கொடுக்கிறார். இதைத் தியாகம் என்று எண்ணிவிடாதே. பசிக்கிறது. எரிச்சலாக இருக்கிறது. வகுப்பில் பையன்கள்மேல் எரிந்து விழுகிறேன்.

எனக்கு இப்போது ஒரே ஊரில்தான் பங்கு. அங்கே. அது அவளுக்கு.

ராசுவின் வலது பக்கத்தில் கை வைக்காதே. அவள் தானே கொடுத்தாலும்.

பியூலா எப்படி இருக்கிறாள்? தந்தி கொடு. கெட்ட செய்தி என்றாலும்.

கி.

*

மில்லர்புரம்
27-4-1946

அன்புள்ள அத்தானுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அதற்கு மேல் எழுதக் கையில் தைரியம் இல்லாமல் இரண்டே வார்த்தையில் நிறுத்தினேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மெலிவு இருக்கிறது. நேற்று மறுபடி குப்புற விழப் பார்த்து, பாதியில் களைத்துத் தூங்கிவிட்டாள்.

உங்கள் சீட்டை ஆபீசில் கொடுத்த மறுநாள் சாயங்காலம் ராஜதுரை வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காகிதத்தையும் மடியில் வைத்துக்கொண்டார். "போன மாசம் பேர அடிங்கன்னு நாலு பக்கம். இந்த மாசம் சேருங்கன்னு நாலு வரி. சாருக்குச் சொகமில்லையோ?" என்றார். பிறகு, "சார் எங்கம்மா?" என்றார்.

பொய் சொல்ல நிஜமாகவே தயாராக இருந்தேன், ஆனால் வாயில் வரவில்லை. அப்போது அடுக்களையிலிருந்து அத்தை வந்தார்கள். யார் அத்தை? பொய் சொன்ன பாவத்துக்கு என்னையும் உங்களையும் முழங்காலில் நிறுத்துகிறவர்கள். "எம் மகன் இப்பத்தான் கடற்கரைப் பக்கம் காத்து வாங்கப் போனான் தம்பி. சாப்பிட்ட சோறு செமிக்கலையாம்" என்றார்கள்.

ராஜதுரை அத்தையைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். கொடியில் உங்கள் வேட்டி ஒன்றுகூட இல்லை. என் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். "நல்லாச் செமிக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அத்தை அன்று இரவு ஜெபத்தை முடிக்கவே இல்லை. நடுவில் எழுந்து என்னிடம் வந்து, "அவன் எழுதின கடுதாசிக்கு நான் நரகத்துக்குப் போகணுமா? இத மட்டும் அவனுக்கு எழுது" என்றார்கள். எழுதிவிட்டேன்.

இரண்டு சனிக்கிழமையாக அரிசி வருகிறது. அப்படியே சீனித்தாய்க்குக் கொண்டுபோகிறேன். முதல் சனிக்கிழமை அவள் கையில் வாங்காமல், "இது எத்தன நாளைக்கு? மறுபடி அவுகளுக்கு மனசு மாறிட்டுன்னா?" என்று கேட்டாள். மாறாது என்றேன். "ஒங்க வாய் வார்த்த எனக்கு எதுக்கு? ஊறுற அளவுக்குக் குடுப்பேன். ஊறலன்னா இல்ல" என்றாள். பிறகுதான் பிள்ளையை வாங்கினாள். பேச்சு கடுமையாக இருந்தது. கை அப்படி இல்லை.

நீங்கள் அங்கே கிழங்கு தின்பதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். எனக்கும் அதைப் பற்றித் தினமும் எழுத வேண்டாம். ஐயரிடம் மோரைக் கூடக் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடியுங்கள். வகுப்பில் மயங்கி விழுந்து, ஊரில் இல்லாதவர் அங்கே எப்படி விழுந்தார் என்று யாரும் கேட்கும்படி வைக்காதீர்கள்.

இனி ஒரு காரியம். அடுத்த வாரம் விடுமுறை தொடங்குகிறது, வர வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். பிள்ளை உங்களைப் பார்த்து நாலு மாதம் ஆகிறது. எனக்கும் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் சென்னைக் கார்டு இப்போது உங்களிடம் இல்லை. ஜில்லா தாண்டி அரிசி கொண்டுவர விடமாட்டார்கள். இங்கே உங்கள் பெயருக்கு வருவது சீனித்தாயுடையது. நீங்கள் வாசலில் கால் வைத்த நேரத்திலிருந்து இந்த வீட்டில் ஒரு வாய் கூடுதல். அத்தை ஒரு வேளையை விடுகிறேன் என்கிறார்கள். அவர்களுக்கு வயது எழுபது. நான் விடலாம். நான் விட்டால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள், நீங்கள் சாப்பிடாவிட்டால் அத்தை சாப்பிட மாட்டார்கள். இந்த வீட்டு ஆட்களை எனக்குத் தெரியும்.

வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று மட்டும் முன்கூட்டி எழுதுங்கள். அத்தனை நாளும் யார் சாப்பிடாமல் இருப்பது என்று நாங்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஞானதீபம்